சம்மர் செய்தது துரோகமா, இல்லையா?

20 பிப்ரவரி 2011, இரவு 1.40

"500 டேஸ் ஆஃப் சம்மர்" பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? இப்போதுதான் முடிந்தது, தூக்கம் வரவில்லை. சீனியர் ஒருவரின் ஹார்ட் டிஸ்கில் கிடைத்த படம். ஹாஸ்டல் அறையில் இரண்டு கட்டிலை ஒட்டிப்போட்டு, ஒரு லேப்டாப்பை நாற்காலியில் வைத்து, ஆறு பேர் பார்த்தோம். ஃபோல்டரில் ரொமான்டிக் காமெடி என்று இருந்தது. முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் சிரித்தோம். மொட்டை மாடிப் பார்ட்டியில் நாயகி சம்மர் கையில் நிச்சயதார்த்த மோதிரம் தெரிந்ததும் திருச்சிக்காரன் செருப்பைக் கழற்றிச் சுவரில் அடித்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

என் கட்சி இதுதான். டாம் வாழ்த்து அட்டைக்கு வாசகம் எழுதிப் பிழைக்கிறவன், பாவப்பட்ட ஜென்மம். சம்மர் அவனோடு சுற்றுகிறாள், கடைக்குப் போகிறாள், தன் வீட்டுக்குள் விடுகிறாள், யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொல்கிறாள். அப்புறம் ஒரு நாள் பான்கேக் சாப்பிட்டுக்கொண்டே முடித்துக்கொள்ளலாம் என்கிறாள். அதையாவது விடலாம். வேறொருவனோடு நிச்சயம் ஆன பிறகு அலுவலகத் தோழியின் கல்யாணத்துக்கு வந்து, மோதிரத்தை மறைத்துக்கொண்டு, இவனோடு ஆடுகிறாளே, அதற்கு என்ன பெயர்? துரோகம் என்கிறேன். இல்லை என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

21 பிப்ரவரி 2011

காலையில் எழுந்து பார்த்தால் பதினோரு பதில். அதில் ஒன்பது பேர் ஒரே வசனத்தைச் சொல்கிறீர்கள்: "இது காதல் கதை அல்ல என்று கதைசொல்லி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டானே." சொன்னான் ஐயா, கேட்டோம். நம் படங்களில்கூடத்தான் "இதில் வரும் பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே" என்று போடுகிறார்கள். யார் நம்புகிறார்கள்?

அதற்கும் முன்னால் ஒரு அட்டை வருமே, நினைவிருக்கிறதா? எவரையும் குறிப்பிடுவன அல்ல என்று வழக்கம்போல ஆரம்பித்து, ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, "குறிப்பாக உன்னை" என்று இழுத்து, கடைசியில் ஒரு கெட்ட வார்த்தை. எங்கள் அறை கைதட்டியது அங்கேதான். அப்படித் தொடங்கிய படம் பையன் பக்கம் இல்லாமல் யார் பக்கம்?

21 பிப்ரவரி 2011, மாலை

திருத்தம். கல்யாணத்தில் அவள் கையில் மோதிரம் இல்லை. அப்போது நிச்சயமே ஆகவில்லையாம். இருவர் சுட்டிக்காட்டினார்கள், ஓட்டிப் பார்த்தேன், அவர்கள் சொல்வது சரி. மோதிரம் பார்ட்டியில்தான் வருகிறது. மறைத்துக்கொண்டு ஆடினாள் என்பது நானாகச் சேர்த்தது.

ஆனால் அந்த ஆள் அவள் வாழ்க்கையில் அப்போதே இருந்தான். கடைசியில் பெஞ்சில் அவளே ஒத்துக்கொள்கிறாள். எனவே கட்சி மாறவில்லை, கொஞ்சம் நொண்டுகிறது, அவ்வளவுதான்.

24 பிப்ரவரி 2011

ஐக்கியா காட்சியைத் தனியாக உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். அந்த ஃபர்னிச்சர் கடையில் காட்சிக்கு வைத்த அறைகளில் இருவரும் புருஷன் பெண்டாட்டி விளையாட்டு ஆடுவார்களே, அதுதான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, டிவி ஓடாது, படுக்கையில் விழுந்து சிரிப்பார்கள். முதல்முறை பார்த்தபோது நான் அந்தச் சிரிப்போடு போய்விட்டேன். அதற்கு அடுத்த நிமிடமே அவள் சொல்கிறாள்: தீவிரமாக எதையும் நான் தேடவில்லை, உனக்குச் சரியா? அவன் சரி என்கிறான்.

இந்தச் "சரி" எனக்கு நன்றாகத் தெரிந்த சரி. இங்கே யாருக்கும் என் முகம் தெரியாது என்பதால் சொல்கிறேன். போன வருடம் எங்கள் கல்லூரிப் பேருந்தில், கடைசி வரிசைக்கு முன் வரிசையில், ஒரு பெண் என்னிடம் இதையே தமிழில் சொன்னாள். "நாம ஃப்ரெண்ட்ஸா இருப்போம், அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தோணல, உனக்கு ஓகேவா?" நான் ஓகே என்றேன். அன்று இரவே அறைக்கு வந்து, அவள் "இப்போதைக்கு" என்ற சொல்லைச் சொன்னாளா இல்லையா என்று திருச்சிக்காரனோடு ஒரு மணி நேரம் ஆராய்ச்சி. அவள் சொல்லவில்லை. ஆராய்ச்சியின் முடிவில் சொன்னதாக ஆக்கிவிட்டோம். அடுத்த எட்டு மாதம் அந்த ஒரு சொல்லில்தான் வண்டி ஓடியது.

சரி, இதற்கும் படத்துக்கும் சம்பந்தம் இல்லை. விடுங்கள்.

24 பிப்ரவரி 2011, பத்து நிமிடம் கழித்து

சம்பந்தம் இருக்கிறது என்று யாரும் எழுத வேண்டாம். தெரிகிறது.

2 மார்ச் 2011

இந்த விவாத இழை எங்கெங்கோ போகிறது. நடனக் காட்சியில் எல்லோரும் ஏன் நீலத்தில் வருகிறார்கள், அந்தக் கார்ட்டூன் பறவை தேவைதானா என்று இரண்டு நாளாகச் சண்டை. எனக்குப் பறவை பிடித்தது. முதல் இரவுக்கு மறுநாள் காலையில் தெருவே தனக்காக ஆடுவதாக ஒருவனுக்குத் தோன்றுவது நமக்குப் புதிதா என்ன? கார்க் கண்ணாடியில் முகம் பார்த்தால் ஸ்டார் வார்ஸ் நாயகன் ஹான் சோலோ கண்ணடிக்கிறார். நம்மூர் என்றால் எந்த முகம் தெரிந்திருக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு மட்டும் நாற்பது பதில். வெட்கமே இல்லாத கூட்டம்.

நான் சொல்ல வந்தது திரையை இரண்டாகப் பிளந்து காட்டும் பார்ட்டிக் காட்சி பற்றி. இடது பக்கம் அவன் எதிர்பார்த்தது, வலது பக்கம் நடந்தது. ஒரே படிக்கட்டு, ஒரே பரிசுப் பொருள், ஒரே சட்டை. ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக நகர்கின்றன, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகின்றன, கடைசியில் நடந்தது எதிர்பார்த்ததைத் தள்ளிவிட்டுத் திரை முழுக்க நிரம்புகிறது. அறையில் இருந்த ஆறு பேரையும் கேட்டேன். நான்கு பேர் இடது பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறோம். மோதிரம் தெரிந்தபோது அதிர்ந்ததும் நாங்கள் நான்கு பேர்தான். வலது பக்கம் பார்த்த இருவரும் அவள் அவனை வரவேற்கும் விதத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது என்கிறார்கள். சும்மா சொல்கிறார்களா, தெரியாது.

இன்னொன்று. முதல் காட்சியை யாராவது கவனித்தீர்களா? 488ஆம் நாள் என்று எண் போட்டு, பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், அவள் கை அவன் கைமேல், விரலில் மோதிரம். முதல் நிமிடத்திலேயே காட்டிவிட்டார்கள். அவன் போட்ட மோதிரம் என்று நாமாக எடுத்துக்கொண்டோம்.

18 நவம்பர் 2012

இந்த இழை இன்னும் இருக்கிறதா! பெங்களூரு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மேலே எழுதியதைப் படித்தேன். "பாவப்பட்ட ஜென்மம்" என்று எழுதியவன் நான்தானா?

வந்த காரணம், டாமாக நடித்த ஜோசஃப் கார்டன்-லெவிட் இந்த ஆண்டு ஒரு பேட்டியில் சொன்னது. டாம்மீது மையல் கொண்டவர்கள் படத்தை மறுபடி பார்த்து, அவன் எவ்வளவு சுயநலக்காரன் என்று கவனியுங்கள் என்கிறார். நடித்தவனே கட்சி மாறினால் நாங்கள் எங்கே போவது?

நம் ஊரில் நிலைமை நேர் எதிர். போன நவம்பரில் கொலவெறிப் பாட்டு வந்ததிலிருந்து, கழற்றிவிடப்பட்டவனுக்கு சூப் பாய் என்று கௌரவப் பட்டமே கிடைத்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் தங்களை அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்கிறார்கள். அதில் ஒருவனுக்கு இன்னும் காதலே வரவில்லை.

26 ஆகஸ்ட் 2018

மறுபடி அதே ஆள். இந்த மாதம் ட்விட்டரில் ஒரு ரசிகர், சம்மர் செய்ததை மன்னிக்கவே முடியவில்லை என்று எழுதப்போக, கார்டன்-லெவிட் பதில் போட்டார்: மறுபடி பாருங்கள், பெரும்பாலும் டாமின் தவறுதான், காது கொடுத்துக் கேட்கவில்லை, சுயநலம், நல்லவேளை கடைசியில் வளர்கிறான் என்கிற பொருளில். அவ்வளவுதான், ஆறு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த இழைக்கு உயிர் வந்துவிட்டது. முன்பு சம்மரைத் திட்டிய அதே கணக்குகளிலிருந்து இப்போது டாமுக்குத் திட்டு. அதே கெட்ட வார்த்தைகள், ஆள் மட்டும் மாற்றம்.

நேற்று மனைவியோடு பார்த்தேன். அவளுக்கு இது முதல்முறை. எதுவும் சொல்லாமல் உட்கார வைத்தேன், இந்த இழையையும் காட்டவில்லை. பாதிவரை சிரித்தாள். அப்புறம் சம்மர் வீட்டுக் காட்சி வந்தது. அவள் தன் கனவைச் சொல்வாளே, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை என்பாளே, அந்த இடம். மனைவி நிறுத்தச் சொன்னாள்.

"அவ பேசிட்டிருக்கும்போதே அந்தக் கதை சொல்ற குரல் ஏன் குறுக்க வருது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து நொடி பின்னால் ஓட்டினோம். உண்மைதான். அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். கதைசொல்லியோ, இப்படிப்பட்ட கதைகள் எல்லோருக்கும் சொல்லப்படுவதில்லை என்று டாமுக்கு உறைத்ததைப் பற்றி நமக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். அவள் முடித்ததும் டாம் என்ன சொல்கிறான் தெரியுமா? அப்படியென்றால் நான் ஏதோ ஒருவன் இல்லை போலிருக்கிறது என்கிறான். கனவைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது.

"அவ கனவு சொன்னா, இவன் மார்க்கு எண்ணிட்டிருக்கான்" என்றாள். ஏழு வருட இழையில் இருநூற்றுச் சொச்சம் பதில், ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை. எனக்கும்தான். நான் இந்தப் படத்தை ஐந்து தடவை பார்த்தவன்.

27 ஆகஸ்ட் 2018

கேட்டவர்களுக்கு: ஆமாம், இழையை அவளுக்குக் காட்டினேன். பேருந்துக் கதைவரை படித்தாள். "இப்போதைக்கு" என்ற சொல் இப்போது வீட்டில் ஆயுதமாகிவிட்டது. பால் வாங்கி வந்தாச்சா என்றால் இப்போதைக்கு இல்லை என்கிறாள்.

2 செப்டம்பர் 2018

போன வாரம் மனைவி பக்கம் முழுக்கச் சாய்ந்தேன். ஒரு வாரம் யோசித்ததில் பாதி தூரம் திரும்பி வந்திருக்கிறேன்.

டாம் கேட்கவில்லை, சரி. அவள் வெளிப்படையாகச் சொன்னாள், அதுவும் சரி. ஆனால் டாம் வில்லன், சம்மர் குற்றமற்றவள் என்று இப்போது எல்லோரும் ஓதுவது நாங்கள் 2011இல் ஓதியதைத் தலைகீழாகப் போட்டது, வேறொன்றும் இல்லை. பெஞ்சுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் ஏன் என்னோடு ஆடினாய் என்று அவன் கேட்கிறான். ஆட வேண்டும் போலிருந்தது என்கிறாள். அவ்வளவுதான் பதில். அந்த ஒரு வரியை 2011இல் திமிர் என்று படித்தேன், 2012இல் கவனக்குறைவு என்று படித்தேன், இப்போது நேர்மை என்று படிக்கிறேன். மூன்று முறையும் வசனம் ஒன்றுதான். ஆனால் நேர்மையாகப் பதில் சொன்னதால் அவனுக்கு வலிக்காமல் போய்விடுமா? ரயிலில் தன் தோளில் சாய்ந்து தூங்கியவள் மறு வாரம் வீட்டுக்குக் கூப்பிட்டால் எவனும் மொட்டை மாடிப் படிக்கட்டை அப்படித்தான் ஏறுவான். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.

மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "சொல்லியிருந்தா அதையும் ஆராய்ச்சி பண்ணியிருப்பான்" என்கிறாள்.

பான்கேக் காட்சியைப் பற்றி யாரோ கேட்டிருந்தீர்கள். நாம் சிட், நான்சி மாதிரி ஆகிவிட்டோம் என்று அவள் சொல்வாள். காதலி நான்சியைக் குத்திக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பங்க் இசைக்காரன் சிட் விஷியஸ்தான் அந்தச் சிட். நான் அந்தக் குத்துகிற சிட்டா என்று டாம் பதறுவான். இல்லை, நான்தான் சிட் என்பாள். எனக்குப் படத்திலேயே பெரிய சிரிப்பு இதுதான். அவள் தன்னை எந்தப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. எங்கள் ஹாஸ்டல் அறையில் அன்று யாரும் சிரிக்கவில்லை. சிட் யார் என்றே எங்களுக்குத் தெரியாது.

9 செப்டம்பர் 2018

ஆன்சைட் போன நண்பர் ஒருவர் லாஸ் ஏஞ்சல்ஸில் அந்தப் பெஞ்சைப் பார்க்கப் போய் ஏமாந்து வந்திருக்கிறார். ஏஞ்சல்ஸ் நால் பூங்காவை 2013இலேயே மூடிவிட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று புல்லைப் பார்த்துவிட்டு வந்தாராம். ஆனால் டாம் கடைசியில் நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிராட்பரி கட்டடம் இருக்கிறது. 1893இல் கட்டியது. அந்த இரும்புப் படிக்கட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கட்டடக் கலை படித்துவிட்டு அட்டை எழுதிக்கொண்டிருந்தவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதுதான் படத்தில் அவனுக்குக் கிடைத்த உண்மையான நல்ல முடிவு. அங்கே ஆட்டம் (Autumn) என்ற பெண்ணைச் சந்திப்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கோடைக்குப் பின் இலையுதிர் காலம் என்ற அந்தப் பெயர் ஜோக் எனக்கு எப்போதுமே கொஞ்சம் கூச்சம்.

12 மே 2020

ஊரடங்கின் 49ஆம் நாள். வேலையில்லாதவன் பூனையைச் சிரைத்த கதையாக இதை உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

டாம் சம்மரைச் சந்திப்பது ஜனவரி 8. கதைசொல்லியே சொல்கிறார். கடைசி நாள் மே 23, புதன்கிழமை. இதுவும் அவர் வாயாலேயே. ஜனவரி 8இலிருந்து அடுத்த ஆண்டு மே 23 வரை சரியாக 500 நாள். 500ஐ ஏழால் வகுத்தால் மீதி 3. புதனிலிருந்து மூன்று நாள் பின்னால் போனால் ஞாயிறு. நடுவில் பிப்ரவரி 29 வந்தால் 501 நாள், அப்போது சனி. ஆக எந்த ஆண்டாக வைத்துக்கொண்டாலும் அவர்கள் சந்தித்தது வார விடுமுறையில். அலுவலக மீட்டிங்கில்!

மனைவியிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை மீட்டிங் வெக்கிற ஆபீசுல சேர்ந்தப்பவே சம்மருக்குப் புரிஞ்சிருக்கணும்" என்றாள்.

13 மே 2020

சந்தித்த நாளை 1 என்று எண்ணினால் மே 23 என்பது 501ஆம் நாள், 500 அல்ல என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் உதைக்கிறது. எண்ணியவன் டாம் என்று வைத்துக்கொள்வோம், சௌகரியமாகப் போய்விடும்.

16 பிப்ரவரி 2025

அக்கா மகள் படிப்புக்காக எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள், வயது இருபது. முந்தாநாள் அவளும் தோழிகள் இருவரும் ஹாலில் இந்தப் படத்தைப் போட்டார்கள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் நின்றுகொண்டேன். ஆறு பேர் கட்டிலில் நெருக்கியடித்துப் பார்த்த படத்துக்கு இந்தத் தலைமுறை எங்கே செருப்பு எறியும் என்று ஒரு ஆவல்.

எங்கும் எறியவில்லை. ஐக்கியா காட்சியில் "சொல்லிட்டால்ல, அப்புறம் என்ன?" என்றாள் ஒருத்தி. மோதிரம் தெரிந்தபோது மூவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பாரில் சம்மரிடம் வம்பு செய்தவனை டாம் அடிக்கிறான் அல்லவா, அப்புறம் அவள் கோபித்துக்கொள்ள, உனக்காகத்தான் அடி வாங்கினேன் என்று சொல்கிறானே, அங்கே மூவரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள். நாங்கள் விசிலடித்த இடம் அது. இந்த இழையில் தேடிப் பார்த்தேன், அந்தக் காட்சியைப் பற்றி பதினான்கு வருடத்தில் ஒரு பதிவு கிடையாது.

"மாமா, இந்தப் படத்துக்கா நீங்க தூங்காம இருந்தீங்க?" என்று கேட்டாள். அத்தை காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

அவளுக்குப் பிடித்தது டாமின் தங்கை. பள்ளிக்கூடத்து வாண்டு, கால்பந்து உடையில் வந்து அண்ணனுக்குப் புத்தி சொல்லுமே, அது. உனக்குப் பிடித்த கிறுக்குத்தனமெல்லாம் ஒரு அழகான பெண்ணுக்கும் பிடித்தால் அவள் உனக்கென்றே பிறந்தவள் ஆகிவிட மாட்டாள் என்கிறது. அடுத்த முறை நல்லதை மட்டும் நினைக்காமல் திரும்ப ஒருமுறை பார் என்றும் சொல்கிறது. அப்புறம்தான் டாம் பழைய நாட்களை மறுபடி ஓட்டிப் பார்க்கிறான், அவள் கையை விலக்கிக்கொண்டதெல்லாம் தெரிகிறது.

22 பிப்ரவரி 2025

திருச்சிக்காரனுக்கு இந்த இழையின் சுட்டியை அனுப்பினேன். இப்போது துபாயில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். முழுக்கப் படித்துவிட்டு நள்ளிரவில் போன் செய்தான். சம்மர் செய்தது துரோகம்தான் என்பதில் அவனுக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அது அவன் கருத்து, இருக்கட்டும்.

ஆனால் முதல் பதிவில் ஒரு திருத்தம் கேட்கிறான். அன்று அவன் வலது பக்கம் பார்த்த இருவரில் ஒருவனாம். மோதிரம் வரும் என்று அவனுக்கு முன்பே தெரிந்துவிட்டதாம். செருப்பை எறிந்தது நான் என்கிறான்.